கச்சேரியில் ஒரு கோபக்காரத் துரை

உத்தியோகம் பார்க்கும் இடத்தில் மனிதனுக்கு உண்டாகும் எரிச்சலையும் சலிப்பையும் அடக்கியாளும் வழி சொல்லித்தரும் நூல்கள் இன்று கொழும்பு நடைபாதைக் கடைகளிற்கூடக் குவிந்து கிடக்கின்றன. மூச்சை ஆழ இழுக்கச் சொல்கின்றன. பத்து வரை எண்ணச் சொல்கின்றன. நாட்குறிப்பு எழுதச் சொல்கின்றன. நண்பனிடம் மனந்திறக்கச் சொல்கின்றன. இவற்றில் தவறேதும் இல்லை. ஆயினும் இந்நூல்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. மேலதிகாரி அடக்கிக்கொண்ட எரிச்சல் எங்கே போகிறது? அது காற்றிற் கரைந்துவிடுகிறதா, அல்லது அவருடைய மேசையிலிருந்து இறங்கி, கீழே இருப்பவன் தலையில் வந்து விழுகிறதா?

இதனைப் பொதுவிற் பேசிப் பயனில்லை. நமது நாட்டிலேயே நிகழ்ந்த, கடதாசிச் சான்றுகள் நிறைய எஞ்சியிருக்கின்ற ஓர் உத்தியோகத்தரின் கதையை எடுத்துப் பார்ப்போம். அவர் லெனாட் வூல்ஃப். ஆங்கில எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர் என்றே உலகம் அவரை அறியும். 1904 டிசம்பரில் இலங்கை சிவில் சேவையில் பயிலுநராகக் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அவருக்கு வயது 24. கையில் வோல்டேரின் நூற்றொகுதி 90 பாகங்கள். கூடவே சார்ள்ஸ் என்றொரு நாய். கேம்பிரிட்ஜில் நாட்டின் மிகக் கூர்மையான இளைஞர்களோடு மெய்யியல் பேசி வளர்ந்தவர், 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு அனுப்பப்பட்டார். நாய் சில காலத்திலேயே வெக்கை தாங்காமல் இறந்துவிட்டது. வோல்டேர் தாக்குப்பிடித்தார்.

கோட்டை மதிலின் மேல் அமைந்த பங்களாவில் வாசம், கச்சேரியிற் கோப்புகள், மாலையிற் டெனிஸ், பிறகு அதே ஐந்தாறு வெள்ளைக்காரர்களின் அதே பேச்சு. 1905இன் பிற்பகுதியில் நெருப்புக் காய்ச்சலும் வந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. அன்றைய சனங்கள் 'ஏசண்டுத் துரை' என்று அழைத்த அரசாங்க அதிபர்களின் கீழ் அவர் பணியாற்றினார். அவர்களுள் ஒருவரான பிரைஸ் தமது வேலையின் பெரும்பகுதியை இந்த இளைஞர் தலையிற் சுமத்திவிட்டு நிம்மதியாக இருந்தார் என்பதை வூல்ஃபின் நினைவுக் குறிப்புகளிலிருந்து அறிகிறோம். சோம்பேறி மேலதிகாரியின் கீழ் வேலை செய்யும் சுறுசுறுப்பான இளையவனின் நிலை எத்தகையது என்பதை உத்தியோகம் பார்த்தவர் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அவன் இரவிலும் வேலை செய்வான், வேலையை நன்றாகவே கற்றுக்கொள்வான், பல்லையும் கடித்துக்கொள்வான்.

1906இன் முற்பகுதியில் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்புக்கு அவர் அனுப்பப்பட்டார். மனித சஞ்சாரமற்ற கடற்கரையில் சில வாரங்களுக்குள் இருபது முப்பதாயிரம் பேர் கொண்ட ஓலைக் குடிசை நகரம் எழும்பிவிடும். தமிழர், சோனகர், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியர் என்று சுழியோடிகள். வட்டிக்காரர், முத்து வணிகர், களவெடுப்போர் என்று ஏனையோர். குவியல் குவியலாகச் சிப்பி அழுகும் நாற்றமும் ஈக்களும் சூழ, ஒரு கைப்பிடி வெள்ளை அதிகாரிகள் இரவு பகலாக இதனை மேய்க்க வேண்டும். வூல்ஃப் பின்னாளில் இந்த அனுபவத்தை 'முத்துகளும் பன்றிகளும்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுகதையாக்கினார். 1921இல் வெளிவந்த அவருடைய கீழைத்தேயக் கதைத் தொகுப்பில் அது உள்ளது. அதே தொகுப்பில் யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட இரு பிராமணர் கதையும் உண்டு.

இவற்றையெல்லாம் அவர் எப்படித் தாங்கினார்?

முதலாவது வழி, கடிதம். கேம்பிரிட்ஜ் நண்பர் லிற்றன் ஸ்ட்ரேச்சிக்கு அவர் ஓயாமல் எழுதினார். கடிதம் கப்பலேறிப் போய்ப் பதில் திரும்ப ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. அப்படியிருந்தும் எழுதினார். 1961இல் வெளியிட்ட 'வளர்தல்' என்ற தன்வரலாற்றுப் பாகத்தில் இலங்கை நாட்களை அவர் நிதானமாக, சில இடங்களில் நகைச்சுவையாகவும், முதியவருக்குரிய கனிவோடும் சொல்கிறார். நான் அந்நூலை முதலில் வாசித்தது மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய, அட்டை கிழிந்த பிரதியில். அதனை மட்டும் வாசித்தவர்கள் இவர் எத்துணை அமைதியான அதிகாரி என்றே எண்ணுவர். அவர் 1969இல் மறைந்த பின், 1989இல் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தன. அப்போதுதான் மற்ற வூல்ஃப் தெரிய வந்தார். வெறுப்பு, சலிப்பு, சக அதிகாரிகள் மீது ஏளனம், தம்மைச் சூழ இருந்த சனங்களைப் பற்றி இன்று படிக்கக் கூசும் சொற்கள் எல்லாம் அங்கே உள்ளன. ஓரிடத்தில், துப்பாக்கியை எடுத்து வைத்து, மரணசாதனமும் எழுதி, உயிரை முடித்துக்கொள்ளும் விளிம்பு வரை போய்த் திரும்பியதாகவே நண்பருக்கு எழுதியிருக்கிறார். மறுநாட் காலையில் அதே மனிதர் கச்சேரிக்குப் போய்க் கோப்புகளைப் பிரித்திருப்பார். அங்கிருந்த எழுதுவினைஞர்களுக்கு இது எதுவுமே தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் கண்டது கண்டிப்பான ஒரு துரையை மட்டுமே.

இரண்டாவது வழி, வேலை. எரிச்சல் மிகும்போது அவர் மேலும் வேலை செய்தார். தமிழ் படித்துப் பரீட்சையிற் தேறினார். பின்னர் கண்டியிற் சிங்களமும் படித்தார். தாம் பொறுப்பேற்ற அலுவலகங்களில் ஒரு விதியைக் கொண்டுவந்தார்: இன்று வந்த கடிதத்துக்கு இன்றே பதில் போக வேண்டும். நிர்வாகச் சீர்திருத்தம் என்று பலரும் இன்றுவரை வியந்து பேசும் விதி இது. நல்ல விதிதான், ஆறுமாதம் கடிதம் உறங்கும் இன்றைய நமது திணைக்களங்களை நினைத்தால் எனக்கும் வியப்பே. ஆனால், அதுவரை ஆறுதலாக நடந்துகொண்டிருந்த ஒரு கந்தோரில் இந்த விதியின் எடை யார் தோளில் இறங்கியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். துரை தமது மனப் புழுக்கத்துக்குக் கண்ட மருந்து, கிளாக்கர்மாருக்கு விளக்கு வைத்த பின்னும் முடியாத வேலையாயிற்று. தாம் அங்கே அவ்வளவாக விரும்பப்படவில்லை, கண்டிப்பும் அவசரமும் தம்மிடம் மிகுந்திருந்தன என்பதை வூல்ஃப் பிற்காலத்தில் மறைக்கவில்லை.

கிளாக்கர்மார் ஏன் விலகிப் போகவில்லை என்று இக்காலத்து இளைஞர் கேட்கக்கூடும். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று சொல்லி வளர்த்த ஊர் அது. மிசன் பள்ளியில் ஆங்கிலம் படித்து, காணியை ஈடுவைத்துப் படிப்பித்த தகப்பனின் கனவைச் சுமந்து, கச்சேரிக் கதிரையில் அமர்ந்தவன் அக்கதிரையை விட்டெழும்புவது எங்ஙனம்? சீதனம் பேசப்பட்டதே அந்தக் கதிரைக்குத்தான். துரைக்குக் கேம்பிரிட்ஜ் நண்பர் இருந்தார். கிளாக்கருக்கு இருந்தது வீட்டுத் திண்ணையும் வெற்றிலைத் தட்டமும். அவற்றுக்கும் அப்பால், மிகுந்தால், பெட்டிசம்.

பெட்டிசம் என்பது யாழ்ப்பாணத்தாரின் தனிக்கலை என்று மற்ற மாகாணத்தார் கேலி பேசுவர். கையெழுத்திட்ட பெட்டிசம் உண்டு. மொட்டைப் பெட்டிசமும் உண்டு. 1841 முதல் உதயதாரகையும் 1889 முதல் இந்துசாதனமும் வெளிவந்துகொண்டிருந்த, எழுதத் தெரிந்தோர் மலிந்த சமூகம் வேறெதனைச் செய்யும்? நேரே நின்று எதிர்த்துப் பேச முடியாத இடத்தில், மேலிடத்துக்கு எழுதுவதே எஞ்சியிருந்த வழி. அதனை நான் கேலிக்குரியதாகக் கருதுவதில்லை. பத்திரிகைக் கந்தோரில் இருந்த காலத்தில் அந்த வகைக் கடிதங்களை ஆயிரக்கணக்கில் வாசித்திருக்கிறேன். எழுத்துப் பிழையும் மிகையும் மண்டிக்கிடக்கும். ஆனாலும் பத்துக் கடிதங்களைப் பொறுமையாக வாசித்தால் ஒரு திணைக்களத்தின் உள்நோய் இன்னதென்று புலப்பட்டுவிடும்.

வூல்ஃபின் மீதும் ஒரு பெட்டிசம் போயிற்று. 1907 ஆகஸ்டில் அவர் கண்டிக்கு மாற்றப்படுவதற்கு முன் நடந்தது இது. யாழ்ப்பாண நகரின் பிரதான வீதியில் பிரைசும் அவரும் குதிரையிற் சென்றார்கள். வீதி எல்லைக்குள் நீட்டிக் கட்டப்பட்ட ஒரு கட்டடத்தை மேலதிகாரிக்குக் காட்டுவதற்காக வூல்ஃப் குதிரையைத் திருப்பிச் சவுக்கை நீட்டினார். அவ்வேளை அவ்வழியே வந்த தமிழ் வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் அவர் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் தேசாதிபதிக்கு முறையிட்டது. வூல்ஃப் அதிர்ந்துபோனார். சவுக்கு எவர் முகத்திலும் படவில்லை என்று மறுத்தார், இறுதிவரை மறுத்தார். அந்த முறைப்பாட்டால் அவருடைய உத்தியோக உயர்வுக்கு எந்தப் பாதகமும் உண்டாகவில்லை.

ஆனால் அரை நூற்றாண்டு கழித்து இதனை எழுதும்போது அவர் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார். அடித்ததாகச் சொன்னது பிழைதான். எனினும், அவர்களுடைய ஊரின் நடுவீதியில் தாம் குதிரைமேல் இறுமாந்து அமர்ந்திருந்ததே அவர்கள் முகத்தில் அறைந்ததற்குச் சமம் என்று அவர்கள் உணர்ந்திருந்தால், அந்த உணர்வு சரியானதாகவே இருக்கலாம் என்ற ஐயம் தமக்குள் அன்றுதான் முதன்முதலில் முளைத்தது என்பது அவர் எழுதியதன் சாரம். தம்மீது வந்த பெட்டிசத்தை இப்படி வாசித்த அதிகாரிகள் பலர் இருந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே. பெரும்பாலான அதிகாரிகள் பெட்டிசத்தில் உள்ள பொய்யைக் கண்டுபிடித்தவுடன் கோப்பை மூடிவிடுவார்கள். பொய்யான குற்றச்சாட்டுக்குள்ளே உண்மையான மனக்குறை ஒளிந்திருக்கலாம் என்பதை அவர் கண்டார். காண்பதற்கு எத்தனை ஆண்டு எடுத்தது என்பது வேறு விடயம்.

கண்டியில் அவர் இருந்தது ஓராண்டே. அங்கே போகம்பரைச் சிறையில் நிறைவேற்றப்பட்ட தூக்குத் தண்டனைகளுக்கு அரசாங்கத்தின் சார்பிற் சாட்சியாக நிற்க வேண்டிய கடமை அவருக்கு வாய்த்தது. அதைப்பற்றி அவர் எழுதிய பக்கங்கள் வாசிப்பவன் நித்திரையைக் கெடுப்பவை. அதிகம் சொல்லாமல் நகர்கிறேன்.

1908 ஆகஸ்டில் அவர் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனார். வயது 27. ஏறத்தாழ ஓர் இலட்சம் சனங்கள் வாழ்ந்த வறண்ட மாவட்டம் அவர் கையில். நிர்வாகியும் அவரே, பொலிஸ் நீதவானும் அவரே. மேலே சோம்பேறித் துரை எவரும் இல்லை. இனியாவது எரிச்சல் தணிந்திருக்க வேண்டுமே என்று நாம் எண்ணுவோம். ஒருவகையில் தணிந்தது. அந்த மாவட்டத்தையும் அதன் காட்டையும் சிங்களக் கிராமத்தவரையும் அவர் உண்மையாகவே நேசித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலை வெறி முற்றியது. உப்பளங்களில் உப்புச் சேகரிப்பைப் பெருக்கினார். பாடசாலைகளைத் திறந்தார். 1911 குடிசன மதிப்பீட்டின்போது தமது மாவட்டத்துக் கணக்கே கொழும்புக்கு முதலாவதாகப் போய்ச்சேர வேண்டும் என்று முனைந்து நின்றதைப் பெருமையாகவே நினைவுகூர்கிறார். உதவி அரசாங்க அதிபர் தினசரி நாட்குறிப்பு எழுதிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. அந்த நாட்குறிப்புகள் 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் நூலாக வெளிவந்தன. உப்பு, பாதை, குளக்கட்டு, சேனைச் செய்கை என்று வறண்ட விடயங்களுக்கிடையே, கிராமத் தலைமைக்காரர்கள்மீது அவருக்கிருந்த பொறுமையின்மை வரிக்கு வரி தெறிப்பதைக் காணலாம். மேலிடத்துக் கொள்கைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் கால்நடைக் கொள்ளைநோய் பரவியது. மாடும் எருமையும் கூட்டங்கூட்டமாக மடிந்தன. எருமை இல்லாமல் அங்கே வயல் மிதிக்க முடியாது. எருமை போனால் குடும்பமே போனதற்குச் சமம். நோய் பரவாதிருக்க ஒரே வழி கால்நடைகளைக் கட்டிவைப்பதும், கட்டாக்காலியாகத் திரியும் நோய்ப்பட்டவற்றைச் சுட்டுக் கொல்வதும் என்பது அரசாங்க விதி. விஞ்ஞானப்படி அதில் பிழையில்லை. ஆனால் நோய்ப்பட்ட எருமை பிழைத்தாலும் பிழைக்கும் என்று நம்பியிருந்த கமக்காரனுக்கு, துவக்கோடு குதிரையில் வரும் துரையே நோயினும் கொடியவராகத் தோன்றினார். வூல்ஃப் நாளெல்லாம் வெயிலில் அலைந்தார், தாமே சுட்டார், கட்டளையை நிறைவேற்றாத தலைமைக்காரர்களைத் தண்டித்தார். சனங்கள் வாய்திறந்து மறுக்கவில்லை. தலையாட்டினார்கள், துரை போனபின் எருமையை அவிழ்த்துவிட்டார்கள். இந்த மௌன மறுப்பு அவரை மேலும் எரிச்சலூட்டியது. எரிச்சல் மேலும் தண்டனையாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் கெட்ட அதிகாரி அல்லர். இலஞ்சம் வாங்கியவர் அல்லர், சோம்பேறி அல்லர், சனங்களின் மொழி அறிந்தவர், அவர்களுடைய நன்மைக்கென்றே உழைத்தவர். எனது தொழிலிலும் இத்தகையோரைக் கண்டிருக்கிறேன். நான் இளைஞனாயிருந்த காலத்து ஆசிரியர் ஒருவர், ஊரிலேயே சிறந்த ஆசிரியர், பெயர் வேண்டாம். முதற்பக்கத்தில் ஒரு பிழை வந்துவிட்டால் அச்சுக் கோப்பவர் முதல் தேநீர் கொண்டுவரும் பையன் வரை அன்று நடுங்க வேண்டும். அவர் கோபம் எப்போதும் நியாயமானது, அதுதான் கொடுமை. அநியாயமாகக் கோபிப்பவரை நாம் மனதுக்குள் ஏசிவிட்டு ஆறலாம். நியாயமாகக் கோபிப்பவரிடம் வாங்கிய ஏச்சுக்கு ஆறும் வழி கிடையாது.

1911 மே மாதத்தில் வூல்ஃப் ஓராண்டு விடுமுறையிற் தாய்நாடு சென்றார். திரும்பி வரவில்லை. விடுமுறையை நீடிக்கக் கேட்டார். காரணம் சொல்லும்படி கேட்கப்பட்டது. சொந்தக் காரணம் என்பதற்குமேல் சொல்ல மறுத்து, 1912இல் பதவியைத் துறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் வேர்ஜீனியாவை மணந்தார். ஏகாதிபத்திய உத்தியோகம் கசந்துபோனது, காதல் ஆகிய இரண்டும் சேர்ந்தே அவரை நிறுத்தின. கச்சேரிக் கிளாக்கருக்கில்லாத வசதி இது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

அடுத்த ஆண்டு, 1913இல், 'காட்டில் ஒரு கிராமம்' என்று பொருள்படும் அவருடைய நாவல் வெளிவந்தது. அம்பாந்தோட்டைக் காட்டின் நடுவே அழிந்துபோகும் பெத்தேகம என்ற கிராமத்தின் கதை. சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டுப் பெரும்புகழ் பெற்றது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைத் திரைப்படமாக்கினார். அப்படத்தில் வெள்ளைக்கார நீதவானாக நடித்தவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். நாவலின் நாயகன் சிலிந்து என்ற வேட்டைக்காரன். கிராமத் தலைமைக்காரனும் வெளியூர் வியாபாரியும் சேர்ந்து அவன் குடும்பத்தை அணு அணுவாக நசுக்குகிறார்கள். சேனைக்கு அனுமதி மறுப்பு, கடன், பொய்வழக்கு என்று எல்லாம் சட்டத்தின் பெயராலும் கடதாசியின் வழியாகவும் நடக்கிறது. தாங்கித் தாங்கிப் பார்த்த சிலிந்து ஒருநாள் துவக்கை எடுத்து இருவரையும் சுட்டுவிடுகிறான். நீதிமன்றத்தில் அவனை விசாரிக்கும் வெள்ளைக்கார நீதவான் நல்லவர். ஏதோ தவறு இருப்பதை ஓரளவு உணர்கிறார். உணர்ந்தும் சட்டப்படியே நடக்கிறார்.

ஏழாண்டு தாம் இருந்த நாற்காலியை ஒருவர் எதிர்ப்புறமிருந்து வரைந்த சித்திரம் அது. நாட்குறிப்பில் அடங்காத தலைமைக்காரனும் ஒத்துழைக்காத சனங்களுமாக இருந்தவர்கள், நாவலில் பசியும் பயமும் உள்ள மனிதர்களாகிவிட்டார்கள். துரையின் கோபத்துக்குக் கீழே தலைமைக்காரன், அவனுடைய கோபத்துக்குக் கீழே வேட்டைக்காரன், அவனுக்குக் கீழே காடு மட்டுமே. வூல்ஃபின் மற்ற எழுத்துகள் அனைத்தும் மறக்கப்பட்டாலும் இந்த ஒன்று நிலைக்கும் என்பது என் எண்ணம். ஆங்கிலேயர் இலங்கையைப் பற்றி எழுதிய நாவல்களுள் வெள்ளைக்காரனைக் கதையின் ஓரத்தில் வைத்தது வேறெதுவும் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

1960 பெப்ரவரியில், எண்பது வயதை நெருங்கியிருந்த வூல்ஃப் மீண்டும் இலங்கை வந்தார். சுதந்திர நாடு அவரை மாலையிட்டு வரவேற்றது. யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை என்று தாம் ஆண்ட இடங்களையெல்லாம் சுற்றிப் பார்த்தார். அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் மரியாதை செய்தார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன.

கொழும்பில் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கு ஒரு கிழவர் வந்தார். அவரும் எண்பதைக் கடந்தவர். அம்பாந்தோட்டையில் வூல்ஃபின் கீழ் முதலியாராகக் கடமையாற்றியவர். நலம் விசாரித்தார். பிறகு, கால்நடைக் கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு சிறிய கிராமத்துத் தலைமைக்காரரை வூல்ஃப் தண்டித்த நிகழ்ச்சியை, ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் ஒன்றையும் தவறவிடாமல், நேற்று நடந்ததுபோல அவர் முன் எடுத்து வைத்தார். சொல்லி முடித்ததும், அது நீதியா என்று கேட்டார். ஒருமுறையல்ல, திரும்பவும் கேட்டார். கோபமாகக் கேட்டதாகத் தெரியவில்லை. தமது பழைய மேலதிகாரியிடம் ஐம்பது ஆண்டாகக் கேட்க முடியாதிருந்த கேள்வியை, இப்போது கேட்கலாம் என்பதால் கேட்டார்.

இந்தச் சந்திப்பை உலகுக்குச் சொன்னவர் வூல்ஃபேதான். 1969இல், அவர் இறந்த ஆண்டில் வெளிவந்த இறுதிப் பாகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.